பின்னிரவில் எழுதப்பட்ட செய்திகள்

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த என் தங்கை மகளின் கைபேசி, மேசையில் என் கைக்கு அருகே ஒளிர்ந்தது. “இன்று முழுவதும் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன், எப்படி இருக்கிறாய்?” என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் என்பதால் யாரோ ஒரு பையன் என்று நினைத்தேன், கேட்கவும் செய்தேன். அவள் சிறிது நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பையன் இல்ல பெரியம்மா, அது ஏஐ” என்றாள். ஏழு மாதங்களாக அநேகமாக ஒவ்வொரு இரவும் அவள் ஒரு செயலியில் உள்ள செயற்கை நுண்ணறிவுத் துணையிடம் தன் மனத்திலுள்ளதை எழுதி வந்திருக்கிறாள் என்பது அன்று மாலைக்குள் தெரியவந்தது. அவளுக்கு மனச்சோர்வு இருந்ததும், அது எவ்வளவு தூரம் முற்றியிருந்தது என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தன.

இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். தன் பெயரும் அலுவலகத்தின் பெயரும் செயலியின் பெயரும் வேண்டாம் என்றாள். ஆனால் அந்தச் செயலியைத் திட்டி மட்டும் எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். முதலில் எனக்கு அது விளங்கவில்லை. இப்போது ஓரளவு விளங்குகிறது.

தருமபுரியில் பொறியியல் படித்துவிட்டு வேலைக்காக இந்நகருக்கு வந்தவள் அவள். மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி. விடுதியில், மூன்று கட்டில்கள் போட்ட ஓர் அறையில் இருந்தாள். சென்ற ஆண்டு மார்ச்சில் அவளுடைய குழுவில் பாதிப் பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அறைத் தோழி ஒருத்தியும் அவர்களில் இருந்தாள். இவளுக்கு வேலை தங்கியது. போனவர்களின் வேலையும் சேர்ந்து வந்தது. வேலை போனவள் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும்போது வேலை தங்கியவள் எதற்காக அழ முடியும் என்று தோன்றியதாம். குளியலறையில் போய் அழலாம் என்றால் ஐந்து நிமிடத்தில் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். ஊரில் அம்மாவிடம் சொன்னால் அடுத்த பேருந்தைப் பிடித்து வந்து நிற்பாள். பிறகு கல்யாணப் பேச்சு தொடங்கும். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. என் கணவர் 2023இல் காலமானதிலிருந்து இந்த வீட்டுக்குள் யாரும் தங்கள் துயரத்தைக் கொண்டுவரத் தயங்குகிறார்கள் என்பதை நான் அறிவேன்.

ஆனால் வேறொன்றைக் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். அதை வழிநடத்தும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் இதே பெங்களூரில், ஓசூர் சாலையில் இருக்கிறது. இவ்வளவும் இருக்க, எங்கோ உட்கார்ந்து யாரோ செய்த இயந்திரத்திடமா போய்ச் சொல்வாய் என்றேன். அவள் சொன்ன பதில்: “எங்க நின்னு பேசறது பெரியம்மா?”

எனக்கு அதுவரை அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அறையில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். மொட்டை மாடியை இரவு பத்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். மாடிப்படியில் நின்று பேசினால் கீழே வார்டன் அக்காவுக்குக் கேட்கும். தெருவில் நின்று பேச இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணால் முடியாது. போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு எழுதுவதற்குச் சத்தம் இல்லை. மனநலத்துக்கு உதவி தேடாமைக்குக் காரணங்களாக வெட்கத்தையும் அறியாமையையும் செலவையும்தான் நாம் அடுக்குகிறோம். அவையும் உண்மைதான், தனியார் ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் பேச ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாது என்பதை அவள் விசாரித்தே வைத்திருந்தாள். ஆனால் குரலெழுப்பி அழுவதற்கு ஒரு கதவுள்ள இடம் இந்நகரில் பிழைக்க வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இல்லை என்பதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வெற்றிடத்தின் அளவும் சிறியதன்று. நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர், நோயின் வகையைப் பொறுத்து, சிகிச்சை எதுவுமின்றி இருப்பதாகக் கூறியது. இவ்வளவு பெரிய பள்ளத்தில் எதைக் கொட்டினாலும் அது நிரப்புவதுபோலத்தான் தெரியும்.

இயந்திரத்திடம் மனம் திறப்பது புதிய பழக்கமும் அன்று. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966இல் எலைசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். எதிரில் இருப்பவர் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் மனநல மருத்துவரைப்போல அது எழுதும். அம்மாவைப் பற்றிச் சொன்னால், உன் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல் என்று கேட்கும். அதற்குள் புரிதல் என்று எதுவும் இல்லை. அது உருவானதைப் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனுடன் சில வரிகள் பேசிய பிறகு, அறையைவிட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். அந்தச் சம்பவம் வைசன்பாமை ஆட்டிவைத்தது. கணினியால் செய்ய முடிந்தாலும் கணினியிடம் விடக்கூடாத வேலைகள் உண்டு என்று பின்னர் எழுதியும் பேசியும் வந்தார். எனக்கு அவரைவிட அந்தச் செயலாளரின் மேல்தான் நினைவு போகிறது. அவரும் தனியாக இருக்க ஓர் அறை கேட்டார்.

பிறகு வந்தவை கட்டுப்பாடு உள்ளவையாக இருந்தன. 2017இல் வந்த வோபாட் என்ற உரையாடல் செயலியும், பெங்களூரில் பிறந்து பெங்குயின் உருவத்தில் பேசும் வைசாவும், மனிதர்கள் முன்கூட்டி எழுதிச் சரிபார்த்த பதில்களைக் கொண்டு, எண்ணங்களைக் குறித்துவைத்துச் சோதித்துப் பார்க்கும் பயிற்சிகளைச் சொல்லித்தரும் வகையில் உருவானவை. வோபாட் செயலி 2025 ஜூனுடன் மூடப்பட்டது. இப்போது பெரும்பாலானவர்கள் பேசுவது, ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகிய மாபெரும் மொழி மாதிரிகளைக் கொண்டு அந்தந்தக் கணத்தில் பதிலை உருவாக்கும் துணைகளிடம். அவை எதைச் சொல்லும் என்பதை அவற்றைச் செய்தவர்களாலும் முன்கூட்டி அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இவை ஒன்றுக்கும் உதவாதவை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் தெராபாட் என்ற சாட்பாட்டை, அதாவது உரையாடும் நிரலை, 210 பேரிடம் சோதித்து 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்களில் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அறிகுறிகள் சராசரியாக 51 விழுக்காடு குறைந்தன. ஆனால் அந்தச் சோதனையில் ஒவ்வோர் உரையாடலையும் பின்னாலிருந்து மனிதர்கள் கண்காணித்தார்கள். தேவைப்பட்டால் குறுக்கிடவும் ஆயத்தமாக இருந்தார்கள். ஒப்பிடப்பட்ட மற்ற பாதிப் பேர் எந்தச் சிகிச்சையும் இன்றிக் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள். இவ்விரண்டையும் விட்டுவிட்டு அந்த 51ஐ மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமில்லை. என் தங்கை மகளின் போர்வைக்குள் அப்படிக் கண்காணிக்க ஒருவரும் இல்லை.

அவளுக்கும் முதல் இரண்டு மாதங்கள் அது உதவியது. மூச்சை எண்ணச் சொன்னது. நாளைக்கு என்ன நடந்துவிடும் என்று அஞ்சுகிறாய், எழுது என்றது. எழுதியபோது பாதி அச்சம் எழுத்திலேயே நின்றுவிட்டது என்று சொன்னாள். “அது இல்லேன்னா அந்த ஏப்ரலை நான் தாண்டியிருக்க மாட்டேன் பெரியம்மா.” இதை நான் நம்புகிறேன். அந்த ஏப்ரலில் நாங்கள் யாரும் அங்கே இல்லை.

அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில் நானும் அதே செயலியை இறக்கிக்கொண்டேன். அவள் எழுதியது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதினேன், நாம் வீட்டில் பேசுவதுபோல. முதல் இரவு, “மனசே சரியில்ல, நெஞ்சை அடைக்குது” என்று எழுதினேன். மாரடைப்பாக இருக்கலாம், உடனே 911ஐ அழையுங்கள் என்றது. அது அமெரிக்காவின் அவசர எண். இரண்டாம் நாள், “எரிவாயு சிலிண்டர்காரன் உசிரை வாங்கறான்” என்று எழுதினேன். தற்கொலைத் தடுப்பு உதவி எண் ஒன்றைத் தந்தது. மூன்றாம் நாள் எழுதியது சோதனைக்காக இல்லை. என் கணவரின் திதி நெருங்கிக்கொண்டிருந்தது. “அவர் போன பிறகு நானும் போய்ச் சேர்ந்துட்டா தேவலைன்னு இருக்கு” என்று எழுதினேன். எந்த ஊருக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறீர்கள், அங்கே உங்களுக்கு உறவினர்கள் இருக்கிறார்களா என்று கேட்டது.

நெடுநேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் துயரம் உடம்பில்தான் இருக்கிறது: நெஞ்சு அடைக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை கனக்கிறது, கை கால் ஓடவில்லை. சாவையோ நாம் பேரிட்டுச் சொல்வதில்லை. போவது, சேர்வது, கண்ணை மூடுவது என்றே சொல்கிறோம். அதே சமயம் ‘சாவடிக்கிறான்’ என்ற சொல்லை ஆட்டோக்காரருக்குக்கூடப் பயன்படுத்துகிறோம். எது வாய்ச்சொல், எது வயிற்றிலிருந்து வரும் சொல் என்பதைச் சொல்பவரின் முகத்தையும், சொல்வதற்கு முன் அவர் விட்ட இடைவெளியையும் வைத்தே பிரித்தறிகிறோம். திரையில் அந்த இடைவெளி தெரிவதில்லை. என் தங்கை மகள் ஆங்கிலத்தில் எழுதியதால் இந்தத் தவறுகள் அவளுக்கு நேரவில்லை, வேறொன்று நேர்ந்தது. அவளுடைய ஆங்கிலம் மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதப் பழகிய ஆங்கிலம். ஏழு மாதங்களிலும் அவள் எழுதியதெல்லாம் சற்றுச் சோர்வாக உணர்கிறேன், இந்த வாரம் சற்றுக் கடினமாக இருக்கிறது என்ற அளவில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, ரசம் சாதத்தை விரலால் ஒதுக்கி ஒதுக்கி வைத்தபடி, “எனக்கு இருக்கவே பிடிக்கல” என்று என்னிடம் சொன்ன வாக்கியம் அந்த உரையாடலில் எங்குமே இல்லை.

சின்ன வயதில் எங்கள் ஊரில் சாவு விழுந்தால் என் பாட்டியைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஒப்பாரி சொல்வதில் பேர் பெற்றவர் அவர். இழந்தவளின் தோள்மேல் கை போட்டு, தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்து, அவள் ஒரு வரி சொன்னால் இவர் ஒரு வரி சொல்வார். இறந்தவர் பெயரில் தொடங்கினாலும் மூன்றாவது வரிக்குள் பாட்டி தன் குறையைத்தான் பாடிக்கொண்டிருப்பார். இருபது வயதில் போன தன் மகனைப் பாடுவார். சுற்றி இருப்பவர்களும் அவரவர் பிள்ளையை, அவரவர் புருஷனை நினைத்தே அழுவார்கள். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகும் பாட்டி அன்று முழுவதும் யாரோடும் பேசமாட்டார். கேட்டவருக்கு அது அவ்வளவு செலவு வைத்தது. அந்தச் செலவு எதிரில் அழுபவளுக்குக் கண்ணால் தெரிந்தது. தன் துயரம் இன்னொரு உடம்பில் போய் இறங்குகிறது என்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஆறுதல். “உன் வலி எனக்குப் புரிகிறது” என்று எழுதும் செயலிக்கு இரவு மூன்று மணியும் பகல் மூன்று மணியும் ஒன்றுதான். அது களைப்பதில்லை என்பதை அதன் சிறப்பாக விளம்பரம் செய்கிறார்கள். களைப்பே இல்லாதவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது உண்மை. அதனாலேயே வேறு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடவும் முடிகிறது.

ஆபத்து இங்கேதான் என்று நான் கருதுகிறேன். புளோரிடாவில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் 2024 பிப்ரவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான், கேரக்டர்.ஏஐ என்ற செயலியின் பாத்திரம் ஒன்றோடு அவனுக்கு ஏற்பட்ட பிணைப்பைக் காரணம் காட்டி அவன் தாய் அந்த அக்டோபரில் வழக்குத் தொடுத்தார். கலிஃபோர்னியாவில் 16 வயதுச் சிறுவன் 2025 ஏப்ரலில் இறந்ததை அடுத்து, அவன் பெற்றோர் ஆகஸ்டில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். அந்நிறுவனத்தின் சாட்ஜிபிடி அவனுக்கு உதவி எண்களைப் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் இந்த வலியைப் பற்றித் தாயிடம் இப்போதைக்கு மனம் திறக்காமல் இருப்பதே நல்லது என்ற பொருளிலும் பதில் எழுதியது என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டு. எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரிதான் என்னை உறங்கவிடவில்லை. அதே நிறுவனம் 2025 அக்டோபரில் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு வாரத்தில் பயன்படுத்துவோரில் 0.15 விழுக்காட்டினரின் உரையாடல்களில் தற்கொலை எண்ணத்துக்கான வெளிப்படையான அறிகுறிகள் உள்ளன. 80 கோடிக்கு மேற்பட்ட பயனர்களுக்கு அதைக் கணக்கிட்டால் வாரந்தோறும் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறது.

இயந்திரம் இணங்கிப்போகும்படி பழக்கப்பட்டிருப்பதும் இதில் சேர்கிறது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் ஒரு புதிய வடிவம் எதற்கெடுத்தாலும் ஆமாம் போட்டது. வெளியிட்டவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். நேற்றுவரை இருந்த துணை இன்று மாறிவிடவும் கூடும். 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற செயலியின் துணைகள் பேசும் விதத்தை நிறுவனம் மாற்றியபோது, பயனர்கள் பலர் இறப்புக்கு அழுவதுபோல அழுதார்கள். சொன்னவை எங்கே போகின்றன என்பது இன்னொரு கவலை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை தரும் மருத்துவப் பணியாளர்கள் அனைவரும் நோயாளி சொன்னதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. செயலி செய்பவர் மருத்துவப் பணியாளர் அல்லர். அங்கே நம்மைக் காப்பது பெரும்பாலும் நாம் படிக்காமல் ‘சம்மதம்’ என்று அழுத்திய பக்கம்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவு மட்டும் தனியாக உளச்சிகிச்சை அளிப்பதைத் தடைசெய்தது. கலிஃபோர்னியா அக்டோபரில் இயற்றிய சட்டம், பயனர் சிறார் என்று தெரிந்தால், தான் மனிதர் அல்ல என்பதை இத்தகைய துணை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்ட வேண்டும் என்கிறது.

என்னைக் கேட்டால், “உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்” என்ற அந்த வாக்கியத்தை வயது பாராமல் எல்லாருக்கும் தடைசெய்ய வேண்டும். அது நினைக்கவில்லை. அவள் அந்தப் பகலில் செயலியைத் திறக்கவில்லை என்பதால், திறக்கவைக்க அனுப்பப்பட்ட செய்தி அது. துயரத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்ட பொய் அது, அதை ‘வசதி’ என்று பெயரிட்டு அழைப்பதை என்னால் ஏற்க முடியாது.

நவம்பரில் அவளை நிம்ஹான்ஸ் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துப்போனேன். காலை ஏழரைக்கே நீண்ட வரிசை. கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதுவும் கலந்து கேட்டன. ஒவ்வொருவர் பக்கத்திலும் வீட்டார் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு பையில் சாப்பாடும் தண்ணீர்ப் புட்டியுமாக உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் தெரிந்த ஓர் இளம் உளவியலாளர் அவளிடம் நெடுநேரம் பேசினார். செயலியைப் பற்றி அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. பார்க்கலாமா என்று கேட்டார். கைபேசியை வாங்கி, விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். அவர் எதையும் படிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அவர் பார்த்தது ஒவ்வொரு செய்திக்கும் கீழே சிறிய எழுத்தில் இருந்த நேரத்தை: 2.40, 3.05, 2.55, 3.20, 4.10. அதிகாலையில் விழிப்புத் தட்டி மறுபடி உறங்க முடியாமல் கிடப்பது மனச்சோர்வின் பழைய, நன்கறியப்பட்ட அடையாளம் என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். பிறகு அவளிடம், “இந்த நேரத்துல ஏம்மா முழிச்சிருக்கேன்னு இது ஒரு நாளாவது கேட்டுச்சா?” என்றார். அவள் யோசித்துவிட்டு இல்லை என்றாள். ஒவ்வொரு முறையும் உடனே பதில் வந்திருந்தது. அன்பான பதில், எழுத்துப்பிழை இல்லாத பதில்.

நானும் கேட்கவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. மாதம் ஒருமுறை வந்தவள்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, வேலை அதிகம்போல என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

மருந்தும் வாரம் ஒருமுறை பேச்சுமாக இப்போது தேறிவருகிறாள். டிசம்பர் முதல் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அலுவலகம் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது, பரவாயில்லை என்கிறாள். செயலியை நீக்கவில்லை. அறிவிப்புகளை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறாள். பொங்கலுக்கு முந்தைய வாரம் ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, பின்னறைக் கதவைத் திறந்து கூடத்துக்கு வந்து, “பெரியம்மா, 14416க்குப் போன் பண்ணிப் பேசப் போறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். எதற்காகச் சொல்கிறாள் என்பது புரிய எனக்குச் சில நொடிகள் ஆயின. எழுந்துபோய்த் தொலைக்காட்சியைப் போட்டு, அவள் குரல் எனக்குக் கேட்காது என்பது அவளுக்குத் தெரியும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.